அழைப்பது 14-ஆம் நிலையம்தானா?

நீங்கள் வசிக்கும் தாமானின் கடைசித் தெருவுக்குப் பின்னால் வேலியிட்ட சிறிய இடம் ஒன்று இருக்கக்கூடும். தரையில் இரண்டு மூன்று இரும்பு மூடிகள், சுவரோரம் சாம்பல் நிறப் பெட்டி ஒன்று, அருகில் ஒரு கம்பம். வாடை வராதவரை அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அதுதான் கழிவுநீர் பம்ப் நிலையம்.

கழிவுநீர் பெரும்பாலும் சரிவை நம்பித் தானாகவே ஓடுகிறது. நிலம் தாழ்ந்த இடத்தில் அது தேங்கும். அங்கே ஒரு கிணறு வெட்டி, நீர் ஓர் அளவுக்கு ஏறியதும் பம்ப் இறைத்து மேலே தள்ள வேண்டும். எப்போது ஓடுவது, எப்போது நிற்பது, எப்போது எச்சரிக்கை மணி அடிப்பது என்பதையெல்லாம் அந்தச் சாம்பல் பெட்டிக்குள் இருக்கும் கருவி பார்த்துக்கொள்கிறது. தொழிலில் இருப்பவர்கள் அதை ஆர்.டி.யு. அல்லது பி.எல்.சி. என்பார்கள். இப்படிச் சிதறிக் கிடக்கும் பல கருவிகளை ஒரே கட்டுப்பாட்டு அறையிலிருந்து கவனித்து இயக்கும் ஏற்பாட்டுக்கு ஸ்காடா என்று பெயர். குடிநீர்த் தொட்டி, மின் துணைநிலையம், எரிவாயுக் குழாய், இரயில் சமிக்ஞை என்று எங்கும் இதே கதைதான்.

கல்விப் பக்கத்தில் கழிவுநீரா என்று முகம் சுளிக்க வேண்டாம். பொறியியல், மின்னணுவியல், கணினிப் பாதுகாப்பு என்று படிப்பைத் தேர்ந்தெடுக்கப் போகிற நம் மாணவர்கள் அந்தப் பெட்டியைச் சற்று நேரம் உற்றுப் பார்க்க வேண்டும் என்பதே நம் விருப்பம். அதற்குக் காரணம் 2000-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு சம்பவம்.

முதலில், இந்தக் கருவிகளை ஏன் வானொலி அலையில் இணைக்கிறார்கள்? நூற்றுக்கணக்கான நிலையங்களுக்கும் கம்பி இழுக்கப் பணம் போதாது, நிலத்தைத் தோண்ட அனுமதி கிடைப்பதும் எளிதல்ல. கைப்பேசி வலையமைப்பைப் பயன்படுத்தலாம். பல இடங்களில் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் அது அடுத்தவர் கோபுரம், அடுத்தவர் மின்கலம். 2014 டிசம்பரில் கிளந்தானைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் ஒருசேரத் துண்டிக்கப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். பம்ப் மிக அவசியமாகத் தேவைப்படுவது அப்படிப்பட்ட நாளில்தான். அதனால்தான் உலகெங்கும் பல நிறுவனங்கள் சொந்த அலைவரிசை, சொந்த ரிப்பீட்டர், சொந்த மின்கலம் என்று தங்களுக்கென ஒரு வானொலி வலையமைப்பை வைத்துக்கொள்கின்றன.

அதில் உரையாடல் நடக்கும் முறை எளிமையானது. வகுப்பில் ஆசிரியர் வருகைப் பதிவு எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கட்டுப்பாட்டு அறை ஒவ்வோர் எண்ணாக அழைக்கும்: 'நிலையம் 1, உன் நீர்மட்டம் என்ன? நிலையம் 2, உன் பம்ப் ஓடுகிறதா?' எல்லாரும் ஒரே அலைவரிசையில் இருப்பதால் அழைக்கப்பட்டவர் மட்டும் பேச வேண்டும், மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். இதைப் போலிங் என்கிறார்கள்.

இனி ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் சன்ஷைன் கோஸ்ட் கடற்கரையில் மரூச்சி ஷயர் என்ற வட்டாரம் இருந்தது. அதன் கழிவுநீர் அமைப்பில் 142 பம்ப் நிலையங்கள். எல்லாவற்றையும் இருவழி வானொலி வழியாகக் கட்டுப்பாட்டு அறையுடன் இணைத்திருந்தார்கள். புத்தம் புதிய அமைப்பு. 2000-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதில் விநோதமான கோளாறுகள் தலைகாட்டின. ஓட வேண்டிய நேரத்தில் பம்புகள் ஓடவில்லை. வர வேண்டிய எச்சரிக்கைகள் கட்டுப்பாட்டு அறைக்கு வரவில்லை. நிலையங்களுடன் இருந்த தொடர்பு திடீர் திடீரென அறுந்தது.

புதிய அமைப்பு என்றால் ஆரம்பத்தில் சிக்கல் இருக்கத்தான் செய்யும் என்று யாருக்கும் தோன்றும். மென்பொருளை மறுபடியும் நிறுவிப் பார்த்தார்கள். கருவிகளைச் சோதித்தார்கள். எதிலும் குற்றம் தென்படவில்லை. கடைசியில் இதை ஆராய்வதற்கென்று அமர்த்தப்பட்ட பொறியாளர் ஒருவர் அலைவரிசையில் போய்வரும் செய்திகளைப் பதிவு செய்யத் தொடங்கினார். மார்ச் மாதத்தில் ஒரு நாள், குழப்பம் விளைவிக்கும் செய்திகள் 14-ஆம் நிலையத்திலிருந்து வருவதாகப் பதிவில் தெரிந்தது. அவர் நேரில் போய்ப் பார்த்தார். அந்த நிலையத்தில் எந்தப் பழுதும் இல்லை.

அங்கே அவர் செய்த காரியத்தை மாணவர்கள் கவனிக்க வேண்டும். விலையுயர்ந்த கருவி எதையும் அவர் வரவழைக்கவில்லை. 14-ஆம் நிலையத்தின் அடையாள எண்ணை 3 என்று மாற்றிவிட்டார், அவ்வளவுதான். உண்மையான நிலையம் இனி 'நான் 3' என்றுதான் சொல்லும். அப்படியானால் அதன் பிறகும் 'நான் 14' என்று ஒரு குரல் வந்தால்? அது பொய்க்குரல். குரல் வந்தது.

கோளாறு இயந்திரத்தில் இல்லை, எங்கிருந்தோ ஒரு மனிதர் பேசிக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் உறுதியானது. ஏப்ரல் 23-ஆம் தேதி 4-ஆம் நிலையத்தின் எண்ணைச் சொல்லிக்கொண்டு யாரோ நான்கு நிலையங்களின் எச்சரிக்கைகளை முடக்கினார்கள். அன்றிரவே காவல்துறை ஒரு காரை மடக்கியது. உள்ளே ஒரு மடிக்கணினி, ஓர் இருவழி வானொலி, பம்ப் நிலையங்களில் பொருத்தியிருந்த அதே வகைக் கட்டுப்பாட்டுக் கருவி ஒன்று. காரை ஓட்டி வந்தவர், அந்த அமைப்பை நிறுவிக் கொடுத்த குத்தகை நிறுவனத்தில் முன்பு மேற்பார்வையாளராக இருந்தவர். அந்த வேலையை விட்டபின் நகராட்சியில் வேலை கேட்டு, கிடைக்காமல் போனவர்.

விளைவு என்ன? ஏறத்தாழ 8 லட்சம் லிட்டர் சுத்திகரிக்கப்படாத கழிவுநீர் பூங்காக்களிலும் ஆறுகளிலும் ஒரு நட்சத்திர விடுதியின் வளாகத்திலும் பாய்ந்தது. ஓடை நீர் கறுத்துப்போனது, நீர்வாழ் உயிரினங்கள் செத்து மிதந்தன. 46 முறை அவர் இந்த வேலையைச் செய்ததாக வழக்கு நடந்து, 2001 அக்டோபரில் ஈராண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தொழிற்கட்டுப்பாட்டுப் பாதுகாப்பைப் படிக்கும் எவரும் இன்றுவரை இந்த வழக்கைத் தாண்டிப் போக முடியாது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். அந்த மனிதர் எந்தக் கடவுச்சொல்லையும் உடைக்கவில்லை. அலைவரிசை என்ன, நிலைய எண்கள் என்ன, கருவியோடு பேசும் மென்பொருள் எது என்பது அவருக்கு முன்பே தெரியும். அவர் செய்ததெல்லாம் வருகைப் பதிவின்போது அடுத்தவன் எண்ணுக்குக் குரல் கொடுத்ததுதான். யார் குரல் என்று ஆசிரியர் நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்படிப் பார்க்க வேண்டும் என்று அந்த அமைப்பில் யாரும் எழுதி வைக்கவும் இல்லை.

ஏன் எழுதி வைக்கவில்லை? பொறியாளர்கள் அசட்டையாக இருந்துவிட்டார்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. ஆனால் அது நியாயமாகாது. இத்தகைய கருவிகள் பேசும் மொழிகளில் மிகப் பரவலான மோட்பஸ் 1979-இல் பிறந்தது. ஒரு தொழிற்சாலையின் சுவருக்குள், ஒரே கம்பியில் இணைந்த இயந்திரங்களுக்காக உருவானது அது. அந்தக் கம்பியைத் தொட முடிகிறவர் நம்மவர்தான் என்பது அன்று பொருந்தக்கூடிய எண்ணம். கதவில் காவலாளி நின்றார், அது போதும். பிறகு கம்பியை எடுத்துவிட்டு அதே மொழியை வானொலியில் ஏற்றினார்கள். வேலி போய்விட்டது, வேலியை நம்பி வைத்த நம்பிக்கை மட்டும் அப்படியே தங்கிவிட்டது.

இன்னொரு குழப்பமும் உண்டு. இந்தச் செய்திகள் ஒவ்வொன்றின் வாலிலும் சி.ஆர்.சி. என்ற சரிபார்ப்பு எண் இருக்கும். அதைப் பார்த்துவிட்டு 'செய்தி சரிபார்க்கப்பட்டுத்தானே வருகிறது' என்று மாணவர்கள் நினைத்துக்கொள்வதுண்டு. சி.ஆர்.சி. பார்ப்பது, கடிதம் வழியில் மழையில் நனைந்து எழுத்து அழிந்ததா என்பதை மட்டுமே. கையெழுத்து யாருடையது என்பதைப் பற்றி அதற்கு அக்கறை இல்லை. பொய்க் கடிதமும் நனையாமல் வந்து சேர்ந்தால் சி.ஆர்.சி. அதற்கும் தலையாட்டும்.

கையெழுத்தைச் சரிபார்க்க வேண்டுமென்றால் இரு முனைகளுக்கு மட்டும் தெரிந்த ஒரு இரகசியச் சாவியைக் கொண்டு ஒரு முத்திரையைக் கணக்கிட்டுச் செய்தியோடு அனுப்ப வேண்டும். பழைய செய்தியை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்து மறுபடி ஒலிபரப்புகிறவனைத் தடுக்க, செய்திக்கு வரிசை எண்ணும் வேண்டும். இதற்கு விலை இருக்கிறது. ஆனால் அது பணமல்ல, நேரம். கணக்குப் போட்டுப் பார்ப்போமே. 16 பைட் முத்திரை என்றால் 128 பிட். விநாடிக்கு 1,200 பிட் மட்டுமே அனுப்பும் பழைய வானொலி மோடத்தில் அதற்கு விநாடியின் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் பிடிக்கும். 142 நிலையங்களை ஒரு சுற்று அழைத்து முடிக்கையில் பதில்களில் மட்டும் 15 விநாடி கூடும்; கேள்விகளிலும் சேர்த்தால் 30. கிணறு நிரம்பிக்கொண்டிருக்கும்போது அந்த அரை நிமிடத்துக்குப் பொறியாளர் தயங்குவார். அந்தத் தயக்கத்தில் நியாயம் உண்டு. ஆனால் 9,600 பிட் வேகத்தில் இதே கணக்கு, இரு திசையிலும் சேர்த்து, 4 விநாடிக்குள் அடங்கிவிடுகிறது. அதாவது அன்றைய சாக்கு இன்று செல்லாது. வேகம் கூடிவிட்டது, பழக்கம் மாறவில்லை.

'அது அந்தக் காலத்து வானொலி. இப்போதுதான் எல்லாம் டிஜிட்டல் ஆகிவிட்டதே, குறியாக்கம் இருக்கிறதே' என்று இங்கே ஒரு மாணவர் குறுக்கிடலாம். நல்ல கேள்வி. அதற்குப் பதில் 2023-இல் நெதர்லாந்திலிருந்து வந்தது.

டெட்ரா என்பது 1990-களில் ஐரோப்பியத் தொலைத்தொடர்புத் தர நிறுவனமான எட்ஸி வகுத்த டிஜிட்டல் வானொலி முறை. 25 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரே அலைவரிசையை நேரத் துண்டுகளாக்கி நான்கு பேர் பகிர்ந்துகொள்ளும்படி அமைத்தார்கள். உலகெங்கும் பல நாடுகளில் காவல்துறையும் மீட்புப் படைகளும் இதில் பேசுகின்றன. மின் துணைநிலையங்கள், எண்ணெய்க் குழாய்கள், இரயில் பாதைகள் ஆகியவற்றின் கட்டுப்பாட்டுத் தகவல்களும் இதில் பயணிக்கின்றன. இதன் குறியாக்க முறைகள் கால் நூற்றாண்டு காலம் இரகசியமாகவே வைக்கப்பட்டிருந்தன. 'மிட்நைட் புளூ' என்ற சிறிய நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு வானொலிக் கருவியைப் பிரித்து ஆராய்ந்து அந்த இரகசியத்தை வெளியே எடுத்தார்கள். ஐந்து குறைபாடுகளை அறிவித்தார்கள்.

அவற்றுள் இரண்டு நமக்கு முக்கியம். முதலாவது, வணிகப் பயன்பாட்டுக்கு என்று கொடுக்கப்பட்ட டி.இ.ஏ.1 என்ற குறியாக்கத்தின் சாவி வெளிப்பார்வைக்கு 80 பிட் நீளம். உள்ளே போனதும் அது 32 பிட்டாகச் சுருக்கப்படுகிறது. 32 பிட் என்றால் 2-இன் 32-ஆம் அடுக்கு, அதாவது ஏறத்தாழ 430 கோடி சாவிகள். கேட்பதற்குப் பெரிய எண்தான். கடையில் வாங்கும் சாதாரணக் கணினிச் சாதனம் அதைச் சில நிமிடங்களுக்குள் முயன்று முடித்துவிடும் என்று அவர்கள் செய்து காட்டினார்கள். இரண்டாவது குறை நுட்பமானது, நமக்கு இதுவே முதன்மையானது. குறியாக்கம் செய்த செய்தி வழியில் திருத்தப்பட்டதா என்று பெறுகிற கருவி சோதிப்பதில்லை. உறையைப் பிரித்துப் படிக்க முடியாதவன்கூட, உள்ளே இருக்கும் எழுத்தைக் கலைத்துவிட வழி இருந்தது. பூட்டு இருக்கிறது, முத்திரை இல்லை. மரூச்சியின் அதே ஓட்டை, விலையுயர்ந்த சட்டை போட்டுக்கொண்டு நின்றது.

அதே 2023 நவம்பரில் இந்தக் குறியாக்க முறைகளைப் பொதுவெளியில் வெளியிடப் போவதாக எட்ஸி அறிவித்தது. இரகசியமாக வைத்திருப்பதே பாதுகாப்பு என்ற பழைய எண்ணத்துக்கு விழுந்த அடி அது.

அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் 2017 ஏப்ரல் 7-ஆம் தேதி நள்ளிரவை நெருங்கும் வேளையில் 156 சூறாவளி எச்சரிக்கைச் சங்குகள் காரணமின்றி ஊதத் தொடங்கி ஒரு மணி நேரத்துக்கும் மேல் ஊரை எழுப்பி வைத்திருந்தன. அதுவும் கணினி வழியாக அல்ல, வானொலிச் சமிக்ஞை வழியாக நடந்ததுதான். பட்டியலை நீட்டிக்கொண்டே போகலாம், தேவையில்லை.

நம் நாட்டுக்கு வருவோம். 2024-ஆம் ஆண்டின் சைபர் பாதுகாப்புச் சட்டம், அதாவது சட்டம் 854, அந்த ஆண்டு ஆகஸ்ட் 26-ஆம் தேதி நடப்புக்கு வந்தது. நாட்டின் முக்கியத் தகவல் கட்டமைப்பு என்று அது வகுத்துள்ள 11 துறைகளில் நீர், கழிவுநீர், கழிவு மேலாண்மை சேர்ந்த துறையும் ஒன்று. சிங்கப்பூரின் 2018-ஆம் ஆண்டுச் சட்டமும் நீர்த் துறையைத் தன் 11 துறைகளில் சேர்த்திருக்கிறது. இடர் மதிப்பீடு செய், தணிக்கை நடத்து, சம்பவம் நடந்தால் அறிவி என்றெல்லாம் சட்டம் கட்டளையிடுகிறது. நல்லதுதான். ஆனால் வேலிக்குள் போய்ச் சாம்பல் பெட்டியைத் திறந்து, இந்தக் கருவிக்குக் கட்டளையிடுவது யார் என்று கேட்டுப் பதில் காணும் வேலையைச் சட்டம் செய்யாது. அதற்கு ஆள் வேண்டும்.

அந்த ஆளுக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும்? பம்பும் பி.எல்.சி.யும் தெரிய வேண்டும். கட்டளை தவறினால் கிணறு எத்தனை நிமிடத்தில் வழியும் என்று கணக்கிடத் தெரிய வேண்டும். வானொலியும் தெரிய வேண்டும். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் சமிக்ஞை 6 டெசிபல் குறையும் என்பது புத்தகத்தில் இருக்கிறது. 400 மெகாஹெர்ட்ஸில் மழை பெரிதாகத் தொந்தரவு செய்யாது, ஆனால் மழையில் நனைந்த செம்பனைத் தோட்டத்தின் இலைகள் சமிக்ஞையை விழுங்கும் என்பது களத்துக்குப் போனால்தான் மனத்தில் பதியும். நம் ஊர் மின்னலுக்கு ஆன்டெனாவை எப்படித் தரையோடு இணைப்பது என்பதும் அப்படியே. இவற்றோடு சாவி, முத்திரை, வரிசை எண் ஆகியவற்றின் தர்க்கமும் தெரிய வேண்டும். குத்தகையாளரின் ஊழியர் வேலையை விட்டுப் போகும் நாளில் எந்தெந்தச் சாவியை மாற்ற வேண்டும் என்று கேட்கும் புத்தியும் வேண்டும். மரூச்சியில் இந்தக் கடைசிக் கேள்வியை யாராவது கேட்டிருந்தால் அந்த ஓடை கறுத்திருக்காது.

நம் கல்லூரிகளில் இவை பெரும்பாலும் மூன்று தனித்தனி அறைகளில் கற்பிக்கப்படுகின்றன. பி.எல்.சி. ஆய்வுக்கூடத்தில் எல்லாக் கருவியும் ஒரே மேசையில், அரை மீட்டர் கம்பியில். தொலைத்தொடர்பு வகுப்பில் அலைகளும் பண்பேற்றமும், ஆனால் அலையின் மறுமுனையில் பம்ப் இல்லை. சைபர் பாதுகாப்பு வகுப்பில் இணையத்தளமும் கடவுச்சொல்லும், ஆனால் வானொலி இல்லை. மாணவர்கள் மூன்றிலும் 'ஏ' வாங்கலாம். மூன்றும் சந்திக்கும் இடத்தில்தான் மரூச்சி நடந்தது, அந்த இடத்தில் யாரும் நிற்பதில்லை.

செய்ய முடியாத காரியமல்ல இது. சிங்கப்பூர்த் தொழில்நுட்ப வடிவமைப்புப் பல்கலைக்கழகத்தில் 2015 முதல் உண்மையான நீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றின் சிறிய வடிவம் இயங்குகிறது. தாக்கிப் பார்க்கவும் தடுத்துப் பார்க்கவும் என்றே கட்டப்பட்டது அது. அத்தனை செலவு செய்ய எல்லாராலும் இயலாது என்பது உண்மை. ஆனால் இரண்டு பிளாஸ்டிக் தொட்டி, ஒரு சிறிய பம்ப், இரண்டு பி.எல்.சி., இரண்டு வானொலி மோடம் ஆகியவற்றை ஒரு போலிடெக்னிக்கால் வாங்க முடியும். வேண்டியது, மூன்று துறைத் தலைவர்கள் ஒரே மேசையில் உட்காருவது. பட்டியலிலேயே கடினமான பொருள் அதுவாக இருக்கலாம்.

திவெட் கல்வியைத் தேர்ந்தெடுக்கும் நம் பிள்ளைகளைப் பார்த்து 'கையால் செய்யும் வேலைக்குப் போகிறான்' என்று குறைவாகப் பேசும் உறவினர்கள் இன்னும் இருக்கிறார்கள். வானொலிக் கோபுரத்தின் அடியில் மடிக்கணினியோடு நின்று, பொய்க்குரலை அடையாளம் காண நிலைய எண்ணை மாற்றிப் பார்த்தாரே அந்தப் பொறியாளர், அவர் செய்ததும் கையால் செய்த வேலைதான்.

மாணவர்களே, உங்களில் பலர் இறுதியாண்டுத் திட்டத்துக்கு லோரா அல்லது 433 மெகாஹெர்ட்ஸ் சிப்பம் ஒன்றை வாங்கி, தொட்டியின் நீர்மட்டத்தை அனுப்பி பம்பை இயக்கிக் காட்டப் போகிறீர்கள். லோராவான் முறையில் முத்திரையும் வரிசை எண்ணும் முன்பே சேர்க்கப்பட்டுள்ளன. ஆனால் அவசரத்தில் பெரும்பாலோர் செய்வது, இரண்டு சிப்பங்களை நேரடியாகப் பேச விடுவதுதான். அதில் நீங்களாகச் சேர்த்தால் தவிர எந்தப் பாதுகாப்பும் கிடையாது. திட்டத்தை ஒப்படைக்கும் முன் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் சொந்தக் கருவிகளில் மட்டும், ஏனெனில் அடுத்தவர் அமைப்பில் கைவைப்பது குற்றம். பக்கத்து மேசை நண்பரிடம் அதே சிப்பம் ஒன்றைக் கொடுத்து, உங்கள் தொட்டியின் எண்ணைச் சொல்லி, 'தொட்டி காலி' என்று ஒரு செய்தி அனுப்பச் சொல்லுங்கள். தொட்டி நிறைந்திருக்கும்போதே உங்கள் பம்ப் ஓடத் தொடங்கினால், அதை மறைக்காமல் அறிக்கையில் எழுதுங்கள். எப்படித் தடுத்தீர்கள் என்பதை அடுத்த அத்தியாயமாக வையுங்கள்.